மூடி மட்டும் கிடைத்தது

மழைக்காட்டைப் பற்றிச் சூப்பிரண்டுக்குத் தெரியாத சங்கதியே கிடையாது, அதற்குள் கால் வைத்தால் எப்படி இருக்கும் என்ற ஒன்றைத் தவிர.

வன அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஒழுகுகிற ஜன்னலுக்கும் கோப்பு அலமாரிக்கும் நடுவே முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். காட்டில் எது நடந்தாலும் அது அவர் மேஜைக்கு வந்தாக வேண்டும். புலியே வந்தாலும் தாளில்தான் வரும், மூன்று பிரதிகளில். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோரும் அவரைச் 'சூப்பிரண்ட்' என்றே கூப்பிட்டார்கள். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவருக்கு ஒரே மகள். சின்ன வயதில் காட்டுக் கதை கேட்காமல் தூங்கமாட்டாள். பாலம் அடித்துக்கொண்டு போன அன்று கொடியைப் பிடித்து ஆற்றைக் கடந்த கதை, தீப்பெட்டி நனைந்து மூன்று நாள் பச்சைக் கிழங்கு தின்ற கதை, காட்டுப்பன்றிக்குப் பயந்து ஏழு மணி நேரம் மரத்தில் உட்கார்ந்திருந்த கதை. எல்லாவற்றிலும் கதாநாயகர் அப்பாதான். அந்தக் கதைகளிலேயே ஊறி வளர்ந்து, உயிரியல் படித்து, பள்ளிக்கூட ஆசிரியையும் ஆகிவிட்டாள். போன வருஷம் கல்யாணமாகிப் போன இடத்திலும், "எங்கப்பா காட்டைக் கரைச்சுக் குடிச்சவர்" என்று தோரணம் கட்டி வைத்திருந்தாள்.

வினை அந்தத் தோரணத்தில்தான் வந்து தொங்கியது. மாப்பிள்ளையின் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்னால் சொன்னதுதான். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னார்: "சம்பந்தி, அடுத்த மாசம் எல்லாருமா உங்க காட்டுக்குப் போறோம். நீங்க இருக்கும்போது வழிகாட்டி எதுக்கு? அநாவசியம்."

"அநாவசியம்தான்" என்றார் சூப்பிரண்ட். சாம்பார் ஊற்றிய சோற்றிலேயே மறுபடியும் சாம்பார் ஊற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே மனைவி பிடித்துக்கொண்டாள். "ஏங்க, பரண்ல இருக்கிற பெட்டியை எடுக்கச் சொன்னா தலை சுத்துதுன்னு நாற்காலியைப் பிடிச்சுக்கறீங்க. நீங்க காட்டுக்குள்ள வழி காட்டப் போறீங்களா?"

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு எல்லாம் தெரியும். நம்ம பொண்ணுக்குத்தான் தெரியாது. தெரிஞ்சா அவ முகம் எப்படிப் போகும்னு ஒரு தடவை நினைச்சுப் பாருங்க."

அவர் நினைத்துப் பார்த்தார். மறுநாளே பஸ் ஏறினார்.

காட்டின் ஓரத்தில் சாலை முடிகிற இடத்தில் ஒரு கடை. மழைக்கோட்டு, டார்ச் பாட்டரி, உப்புப் பொட்டலம். சுவரில் சாய்த்திருந்த பலகையில் 'தனி வழிகாட்டி கிடைக்கும்' என்று எழுதியிருந்தது. கடைக்கார அம்மா பின்பக்கம் திரும்பி, "மெதுவா அண்ணே, ஆள் வந்திருக்கு" என்று குரல் கொடுத்தாள். பத்தடிக்கு ஒருமுறை 'மெதுவா, மெதுவா' என்று சொல்லிக்கொண்டே நடப்பவர் என்பதால் வழிகாட்டிக்கு 'மெதுவா' என்றே பெயர். அறுபது வயதுக்கு மேல். மெலிந்த ஆள். வேர் மாதிரி பாதம்.

"எத்தனை பேர் சார்?"

"என்னையும் சேர்த்து அஞ்சு பேர்."

"மூட்டு வலி, நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, யாருக்காவது உண்டா?"

கௌரவம் என்ற வியாதியைப் பற்றி அவர் கேட்கவில்லை. சூப்பிரண்டும் சொல்லவில்லை. "ஒண்ணுமில்ல. ஆனா ஒரு நிபந்தனை. நீங்க வழிகாட்டியா வரக் கூடாது. சுமை தூக்க வந்தவர் மாதிரி வரணும்."

"அப்ப வழி யாரு காட்டுவா?"

"நான்."

"உங்களுக்கு வழி தெரியுமா சார்?"

"தெரியாது."

மெதுவா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்பப் பழக்கமான ஏற்பாடுதான். எங்க மேலதிகாரிங்க எல்லாம் அப்படித்தான் இருந்தாங்க."

அது காதில் விழுந்தது. ஆனால் சூப்பிரண்ட் தன் காரியத்திலேயே கண்ணாக இருந்தார். மெதுவாவே மேலும் சொன்னார்: "நான் எப்பவும் பின்னாலதான் நடப்பேன் சார். முன்னால போறவன் தொலைய மாட்டான், கண்ணு முன்னாலதானே போறான். கடைசி ஆள்தான் சத்தமில்லாம விடுபட்டுப் போவான். அதனால முன்னால யாரு போனாலும் எனக்குச் சம்மதம். திரும்புற இடம் மட்டும் எப்படிச் சொல்றதுன்னு சொல்லுங்க."

சூப்பிரண்ட் பையிலிருந்து தாளை எடுத்தார். ஒருமுறை இருமினால் இடது. இருமுறை இருமினால் வலது. மும்முறை இருமினால் நில். இரண்டு பிரதி எழுதி, தேதி போட்டு, ஒன்றை நீட்டினார்.

"நெசமாவே இருமல் வந்தா?"

"அன்னைக்கு வரக் கூடாது."

"சரி சார். ஏன் இப்படின்னு கேக்கலாமா?"

"கேக்க வேண்டாம்."

"சரி சார்" என்று மெதுவா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. தூறல் விட்டும் விடாமலும் இருந்தது. சூப்பிரண்ட் புது பூட்ஸ், புதுத் தொப்பி, கழுத்தில் தூரக்கண்ணாடி, அதன்மேல் ஒரு விசிலுமாகக் கல்யாண ஊர்வலத்துக் குதிரை மாதிரி முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் மகள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா, மனைவி. கடைசியில் சாப்பாட்டுப் பையையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு மெதுவா. மாப்பிள்ளை பேசுகிற ரகம் இல்லை. பிறந்ததிலிருந்து வீட்டில் அவர் முறை வந்ததே கிடையாது.

உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. ஆளுயரத்துக்கு மதில் எழுப்பினது போல் வேர்களைப் பரப்பிக்கொண்டு மரங்கள் நின்றன. மழை நின்ற பிறகும் இலைகள் தங்கள் கணக்குக்குப் பெய்துகொண்டிருந்தன. ஈரமும் அழுகின பழமும் கலந்த ஒரு வாசனை. முப்பத்தொரு வருஷம் தாளில் படித்ததில் ஒரு வரியிலும் இந்த வாசனை இருந்ததில்லை.

முதல் பிரிவு வந்தது. பின்னாலிருந்து ஒரு இருமல். சூப்பிரண்ட் நின்றார், கண்ணை மூடினார், காற்றை மோந்தார். "ம்ம். இடது."

"பாத்தியாடா, வாசனை பிடிச்சே வழி சொல்றார்" என்றார் சம்பந்தியம்மா மகனிடம்.

"வீட்டுல கேஸ் கசிஞ்சா தெரியாது" என்றாள் மனைவி, யாரிடமும் இல்லாமல்.

இரண்டாவது பிரிவில் இரண்டு இருமல். சூப்பிரண்ட் மரத்திலிருந்த பாசியைத் தடவிப் பார்த்து, "வலது" என்றார். மகள் பெருமையோடு மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தலையாட்டினார். காட்டுக்குள்ளேயும் அவருக்கு அதே வேலைதான்.

சற்றுத் தள்ளி, மழையில் வழவழத்துக் கிடந்த மரக்கட்டை ஒன்று வந்தபோது பின்னாலிருந்து மூன்று இருமல். சூப்பிரண்ட் கையை உயர்த்தி அனைவரையும் நிறுத்தினார். ஆனால் சம்பந்தியம்மா நிற்கவில்லை. திரும்பி நேராக மெதுவாவிடம் போனார்.

"ஏம்ப்பா, இருமல் எத்தனை நாளா இருக்கு?"

"இருமலா? இல்லம்மா, சும்மா."

"சும்மா யாராவது இருமுவாங்களா? நானும் பாத்துட்டே வர்றேன். முதல்ல ஒண்ணு, அப்புறம் ரெண்டு, இப்ப மூணு. கூடிட்டே போகுது. இப்படி விட்டா ஊர் போய்ச் சேர மாட்டே."

முப்பத்தாறு வருஷம் வார்டை ஆண்ட கை. மெதுவாவின் வாயில் ஒரு கரண்டி மருந்து இறங்கியது. பிறகு ஒரு சூடம் வாசனை மிட்டாய். பிறகு நாக்குக்கு அடியில் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய். "நான் சொல்றவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. நடக்கலாம், பேசக் கூடாது." காட்டு மிருகங்களுக்கு வழிவிட்டு வழிவிட்டே வயசானவர் மெதுவா. தலைமை நர்ஸுக்கும் வழிவிட்டார்.

மூன்றாவது பிரிவு அப்போதுதான் வந்தது.

சூப்பிரண்ட் நின்றார். இருமல் வரவில்லை. தொப்பியைக் கழற்றித் துடைத்தார். வரவில்லை. "இங்க ரெண்டு வழி பிரியுது" என்று ஆரம்பித்து, இரண்டு வழிகள் பிரிவதைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். இருமல் மட்டும் வரவே இல்லை. திரும்பிப் பார்த்தால், மெதுவா வாயில் குழாயோடு வலது புருவத்தை ஏற்றி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஆனால் புருவத்துக்கு அவர்கள் ஒப்பந்தத்தில் இடமில்லை. ஒப்பந்தத்தில் இல்லாததை ஏற்றுக்கொண்ட பழக்கமும் சூப்பிரண்டுக்கு இல்லை.

"இடது" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் பூமி அவரை முழங்கால் வரை வாங்கிக்கொண்டது. இன்னொரு காலை ஊன்றினார். அது தொடை வரை போயிற்று.

மெதுவா பையைப் போட்டுவிட்டு வந்தார். ஓடவில்லை, ஆனால் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தார். காய்ந்த கிளை இரண்டைச் சேற்றின்மேல் குறுக்கே போட்டு, அதில் படுத்து, சூப்பிரண்டின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து, வாயில் குழாய் ஆடாமல் இழுத்தார். மாப்பிள்ளை பின்னாலிருந்து மெதுவாவின் காலைப் பிடித்துக்கொண்டார். சூப்பிரண்ட் வெளியே வந்தார். ஒரு பூட்ஸ் வரவில்லை.

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவா குழாயை எடுத்து, துடைத்து, சம்பந்தியம்மாவிடம் மரியாதையாக நீட்டினார்.

"பாத்தீங்களாம்மா? சேறு எவ்வளவு ஆழம்னு சார் இறங்கிக் காட்டினாரு. அனுபவம் உள்ளவங்க அப்படித்தான். மத்தவங்களை இறக்க மாட்டாங்க."

சூப்பிரண்டுக்குக் கண் கலங்கியது. சேற்றுத் தண்ணீர் என்று நினைத்தார்கள்.

வலப்பக்க வழியில் கால் மணி நேரம் நடந்ததும், காவலர்கள் முன்பு தங்கிய தகரக் கொட்டகை ஒன்று வந்தது. சூப்பிரண்டை ஒரு மரப்பெட்டிமேல் உட்காரவைத்து, மெதுவா அவர் காலைக் கழுவி, உப்பைத் தடவி, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பதினான்கு இருந்தன. மனைவி தான் புதிதாக வாங்கியிருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

"சம்பந்தி, கரடி உங்களை மரத்துல ஏத்திவிட்டது இந்தப் பக்கம்தானே?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"கரடி மரம் ஏறுமேம்மா" என்றார் மெதுவா, உப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கரடியா? பன்னிதானேப்பா?" என்றாள் மகள். "எனக்குச் சொன்னப்போ பன்னி."

பன்றி நாளடைவில் பதவி உயர்வு பெற்றிருந்தது. சூப்பிரண்ட் ஏதோ முனகினார். மகள் காத்திருக்கவில்லை. அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். தானே சொல்ல ஆரம்பித்தாள். குட்டிகளோடு பன்றி வந்தது. அப்பா மரத்தின் இரண்டாவது கவட்டையில் ஏறினார். பன்றி கீழேயே படுத்துக்கொண்டது. பொழுது போகாமல் அப்பா கிளையில் ஊர்ந்த எறும்புகளை எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு வரை வந்தபோது மழை பிடித்து எறும்பும் போய், கணக்கும் போய், பன்றியும் போனது.

மெதுவாவின் கை நின்றுவிட்டது. உப்பு விரலிடுக்கில் கரைந்து ஒழுகியது.

"கீழே வந்து பாத்தா டிபன் டப்பாவைப் பன்னி உருட்டிட்டுப் போயிருக்கு" என்று முடித்தாள் மகள்.

"மூடி மட்டும் கிடைச்சுது" என்றார் மெதுவா.

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார்.

சூப்பிரண்டுக்கு, அந்தக் கதையைத் தான் முதலில் படித்த பழைய ரிப்போர்ட் தாள் கண்முன் வந்தது. நீல மை, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, ஈரம் பட்டு ஊறின ஓரம். கீழே 'தற்காலிகக் காவலர், எண் 17' என்று மட்டும் இருக்கும். பெயர் எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. கடைசி வரி: 'டப்பா காணவில்லை. மூடி மட்டும் கிடைத்தது. புது டப்பா வழங்கக் கோருகிறேன்.' அதன் பக்கத்தில் சிவப்பு மையில் சூப்பிரண்டின் சொந்தக் கையெழுத்தில்: 'விதியில் இடமில்லை.' அந்த வரியை அவர் மகளுக்குச் சொன்னதே இல்லை. கதாநாயகர்கள் டப்பா கேட்டு மனுப் போடுவதில்லை.

மெதுவா அவர் முகத்தைப் பார்த்தார். சிவப்பு மை யாருடையது என்று புரிந்துவிட்டது. புரிந்தும் சொன்னார்: "காட்டுல டப்பா தொலையறது சகஜம்மா. சாருக்கும் தொலைஞ்சிருக்கும், எனக்கும் தொலைஞ்சிருக்கும்."

கதவைத் திறந்துவிட்டார் மனுஷன். சூப்பிரண்ட் தலையை ஆட்டினால் போதும், தப்பித்துப் போய்விடலாம்.

"அப்பா, மூடி பத்தி நீங்க சொல்லவே இல்லையே" என்றாள் மகள்.

தன் காலைக் கழுவின அந்தக் கையை ஒருமுறை பார்த்தார் சூப்பிரண்ட்.

"அது என் கதை இல்லம்மா" என்றார். "இவரோடது. பன்னியும் இவரோடது, பாலமும் இவரோடது, கிழங்கும் இவரோடது. நான் இன்னைக்குத்தான் காட்டையே பாக்கறேன். வழி காட்டினதும் இவர்தான். இருமல் சங்கேதம்."

"அப்ப சளி இல்லையா?" என்றார் சம்பந்தியம்மா ஏமாற்றத்தோடு.

"அப்ப உனக்கு நாலு வயசு" என்று மகளிடம் தொடர்ந்தார் சூப்பிரண்ட். "கதை சொல்லுன்னே. எனக்குத் தெரிஞ்சது லீவு விண்ணப்பமும் இவர் ரிப்போர்ட்டும்தான். முதல்ல 'ஒருத்தர்'னுதான் சொன்னேன். நீதான் 'அந்த ஒருத்தர் நீங்கதானேப்பா'ன்னு கேட்டே. ஆமான்னு தலையாட்டிட்டேன். அதுக்கப்புறம் இருபத்தாறு வருஷமா அந்தத் தலையை நிறுத்த முடியல."

சூப்பிரண்ட் மகளின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் ஒற்றை பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பேசியது மெதுவா. "மாசம் ஒரு ரிப்போர்ட் சார். பதினாறு வருஷம் எழுதினேன். டப்பா கேட்டப்ப மட்டும் சிவப்பு மையில ஒரு வரி வந்துது. மத்தபடி திரும்பி வர்றது ஒரு சீல்தான், 'பார்வையிடப்பட்டது'ன்னு. சீல்தான் பாக்குது, கதையை மனுஷன் யாரும் படிக்கலன்னு நினைச்சுட்டேன். சோதிச்சுப் பாக்கலாம்னு ஒரு மாசம் நடுவுல 'இன்று காட்டில் ஒட்டகம் கண்டேன்'னு எழுதினேன். அதுக்கும் 'பார்வையிடப்பட்டது'தான்."

"ஒட்டகத்தைப் படிச்சேன்" என்றார் சூப்பிரண்ட். "தனியா உக்காந்து சிரிச்சேன். மேல போனா உங்களைக் கேள்வி கேட்டுப் பிடுங்கிடுவாங்கன்னு, சீலைக் குத்திக் கோப்புக்கு அடியில செருகிட்டேன்."

மெதுவாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. "அப்ப ஒரு ஆள் படிச்சிருக்கு" என்றார். "ஒண்ணு இல்ல, ரெண்டு. எறும்பு எண்ணிக்கை வரைக்கும் இந்தப் பாப்பாவுக்குத் தெரியுது. என் வீட்டுலகூட அதை யாரும் முழுசாக் கேட்டதில்ல சார். ரொம்ப நன்றி."

நன்றி சொல்ல வேண்டியவன் நான், அதை முந்திக்கொண்டு அவர் சொல்கிறாரே என்று சூப்பிரண்ட் கூனிப்போனார். "நான்தாங்க சொல்லணும். உங்க கதையை வெச்சுத்தான் என் பொண்ணை வளர்த்தேன். அவ படிச்ச படிப்பே அதுலேருந்து வந்தது. உங்க பேர் போடாம தின்னுட்டேன்."

மகள் எழுந்தாள். அப்பா பக்கம் வருகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் மெதுவா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒட்டகக் கதை எனக்கு வரவே இல்லையே அண்ணே" என்றாள்.

"அது நான் செஞ்சதாச் சொன்னா நீ நம்பியிருக்க மாட்டே" என்றார் சூப்பிரண்ட் மெல்ல.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கோபம் இருந்தது. அதற்குப் பின்னால், அடக்கினாலும் அடங்காமல், சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. "ஏம்ப்பா, நீங்க படிச்சுச் சொன்னதா இருந்தாலும் நான் தூங்கியிருப்பேனேப்பா."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் மனைவி. "பரண் ஏற மாட்டாதவர் கவட்டையில ஏறினாராம்."

"கல்யாணப் பேச்சுக்கு வந்தப்பவே எனக்கும் சந்தேகம்தான் மாமா" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று காட்டில் கண்ட அபூர்வ ஜீவன் அவர் குரல்தான்.

திரும்பும்போதும் மெதுவா பின்னால்தான் நடந்தார். ஆனால் மகளும் மாப்பிள்ளையும் அவரோடு நடந்தார்கள். ஆற்றுக் கதையில் கொடி அறுந்ததா இல்லையா என்று விசாரணை நடந்தது. சம்பந்தியம்மா மருந்துப் பாட்டிலைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, நோயாளியை இழந்த வருத்தத்தோடு நடந்தார். சூப்பிரண்ட் முன்னால் ஒற்றை பூட்ஸும் மறு காலில் சுற்றிய சாக்குத் துணியுமாக நொண்டினார். பிரிவு வரும்போதெல்லாம் பின்னாலிருந்து வெளிப்படையாகவே குரல் வந்தது: "இடது சார். மெதுவா, மெதுவா." அவருக்கு அது இருமலைவிட நிம்மதியாக இருந்தது.

கடைக்கு வந்து சேர்ந்ததும் சூப்பிரண்ட் மனைவியின் கையிலிருந்த எவர்சில்வர் டப்பாவை வாங்கினார். குழாயடியில் நொண்டிக்கொண்டே போய்க் கழுவித் துடைத்தார். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினார்: 'காவலர் எண் 17 அவர்களின் கோரிக்கை ஏற்கப்பட்டது. தாமதத்துக்கு மிகவும் வருந்துகிறேன்.' முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் அவர் எழுதாத ஒரு சொல் அதன் கடைசியில் இருந்தது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "எண் என்னப்பா எண்? பேரைக் கேட்டு எழுதுங்க" என்றாள். அவர் கேட்டார். எண்ணை அடித்துவிட்டுப் பெயரை எழுதினார்.

"டப்பா என்னோடது" என்றாள் மனைவி. "நானும் கையெழுத்துப் போடணும்." அவளும் போட்டாள்.

மெதுவா தாளை இரண்டு தரம் படித்து, இருமல் ஒப்பந்தத்தோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்தார். டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார்.

"நல்லா இறுகுது சார்" என்றார்.